கொடுத்தவன் பெயர்

சாசரின் துறவிக்கு எல்லாக் கறியிலும் கொழுத்த அன்னத்தின் வறுவல்தான் பிடிக்கும். பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரின் இந்த வரியை 24 வருஷம் நடத்தியிருக்கிறேன். பெரும்பாலும் இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் திகைக்கும். பாலையும் நீரையும் பிரிக்கிற பறவையைப் போய் யாராவது வறுத்துத் தின்பார்களா? கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அன்னம்னா சோறு சார், சோத்தைத்தான் சொல்றாரு" என்பான். சிரிப்பு அடங்கியதும் துறவியின் அங்கிக்கு வருவேன். கைமுனையில் சாம்பல் நிற ரோமத் தோல், அதுவும் நாட்டிலேயே உயர்ந்த ரகம். மோவாய்க்குக் கீழே முக்காட்டைப் பூட்டத் தங்க ஊசி, அதில் காதல் முடிச்சு. குதிரைக் கடிவாளத்தில் மணிகள். அவன் சவாரி போனால் கோயில் மணி மாதிரி கணீரென்று கேட்கும். துறவி மடத்தை விட்டு வெளியே திரியக்கூடாது என்று சொல்லும் பழைய வாக்கியம் ஒரு சிப்பி பெறாது என்பது அவன் கட்சி. இத்தனையையும் அடுக்கிவிட்டு சாசர் ஒரு வரி சேர்க்கிறார்: அவன் சொன்னது சரிதான் என்று நானும் சொன்னேன்.

இந்த வரியில்தான் ஆரம்பத்தில் மாட்டிக்கொண்டேன். "அவரு பாராட்டுறாரே சார்" என்பார்கள் பிள்ளைகள். கைடில் 'ஐரனி' என்று போட்டிருக்கும், அதை அப்படியே பரீட்சையில் எழுதுவார்கள், சிரிக்க மட்டும் மாட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த தமிழ்த்துறை ஐயா, "இதுக்குப் போய் ஏன் சார் மல்லுக்கட்டுறீங்க? வஞ்சப்புகழ்ச்சின்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் கரும்பலகையில் 'தேவர் அனையர் கயவர்' என்ற குறளை எழுதினேன். கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் நினைத்ததையெல்லாம் செய்து திரிகிறார்கள். அதற்குமேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாசருக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சொந்த யூகம் உண்டு. இந்தத் துறவியும் மற்ற யாத்ரீகர்களும் வழியில் கதை சொல்லிக்கொண்டு போகும் 'கேன்டர்பரி கதைகள்' எழுதத் தொடங்கியது 1387 வாக்கில். அதற்கு முன் 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தின் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரியாக இருந்தார். பன்னிரண்டு வருஷம் ரசீதும் பதிவேடும் புரட்டியவர். அதனால்தான் அவர் கவிதையில் சாமியார்களுக்கு எதிராகக் கோபமான வசனம் குறைவு, விலை விவரம் அதிகம். ஊர் ஊராகப் பிச்சை எடுக்கும் துறவி ஒருவன் வருகிறான். நல்ல காணிக்கை கிடைக்கும் வீட்டில் அவன் கொடுக்கும் பிராயச்சித்தம் லேசாக இருக்கும். பாவத்துக்கு அழமுடியாத கல்நெஞ்சுக்காரர்கள் அழுவதற்குப் பதில் வெள்ளிக்காசு கொடுத்தால் போதும். காலில் செருப்பில்லாத விதவையிடம் போனாலும் காலணா வாங்காமல் வாசல் தாண்டமாட்டான். திருச்சபைக் கோர்ட்டின் சம்மன் ஆளுக்கு ரேட் இன்னும் குறைவு. ஒரு படி ஒயின் கொடுத்தால், வைப்பாட்டி வைத்திருப்பவனை ஒரு வருஷம் கண்டுகொள்ளமாட்டான்.

அப்புறம் மன்னிப்புச் சீட்டுக்காரன். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் மார்ட்டின் லூதரோடு சேர்த்துப் படித்த அதே பாவமன்னிப்புச் சீட்டு. லூதருக்கு 130 வருஷம் முந்தியே சாசர் அதைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டார். சட்டப்படி அந்தச் சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, மன்னிப்புப் பெற்றவருக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பது, அவ்வளவுதான். வசூலாகும் காசு மருத்துவமனை மாதிரியான தர்மத்துக்குப் போகவேண்டும். சாசரின் ஆளும் லண்டனில் சேரிங் கிராஸ் பக்கம் இருந்த ஒரு மருத்துவமனையைச் சேர்ந்தவன்தான். பை நிறைய ரோமிலிருந்து சுடச்சுட வந்த சீட்டு. தலையணை உறையைக் காட்டி மாதாவின் முக்காடு என்பான். கண்ணாடிக் குப்பியில் பன்றி எலும்பு, அதுவும் புனிதப் பொருளாம். ஏழைப் பங்குச் சாமியார் இரண்டு மாதத்தில் பார்க்கும் காசைவிட அதிகமாக ஒரே நாளில் கறந்துவிடுவான். பேராசையே எல்லாத் தீமைக்கும் வேர் என்பதுதான் எப்போதும் அவன் பிரசங்கம். பேராசையால்தான் அதைப் பிரசங்கம் செய்கிறேன் என்று சக யாத்ரீகர்களிடம் வாய்விட்டுச் சொல்கிறான், புதைத்தபின் காசு கொடுத்தவர்கள் ஆன்மா காட்டுப்பழம் பொறுக்கப் போனால் எனக்கென்ன என்கிறான். குட்டு முழுவதையும் தானே உடைத்துவிட்டு, கடைசியில் அதே ஆட்களிடம் வந்து இந்தப் புனிதப் பொருள்களை முத்தமிட்டுக் காசு போடுங்கள் என்று பையை நீட்டுகிறான் பாருங்கள், அந்த இடத்துக்கு ஈடாக அந்தக் காலக் கவிதையில் இன்னொன்றை நான் படித்ததில்லை.

இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கத்தான் நடத்தினேன். தடுமாறியது லாங்லண்டிடம்.

சாசர் காலத்துக் கவிஞர் வில்லியம் லாங்லண்டின் 'பியர்ஸ் என்ற உழவன்' எங்கள் சிலபஸில் கிடையாது. இலக்கிய வரலாற்றுத் தாளில் இரண்டு வரி வரும். ஒரு கோடை விடுமுறையில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அதில் மீட் என்று ஒரு சீமாட்டி. கூலி, வெகுமதி, லஞ்சம் மூன்றுக்கும் அந்த ஒரே சொல். நம் ஊரில் அவளுக்கு அன்பளிப்புச் செல்வி என்று பெயர் வைக்கலாம். அவளிடம் ஒரு துறவி பாவசங்கீர்த்தனம் கேட்க வருகிறார். எத்தனை பேரோடு எத்தனை வருஷம் பழகியிருந்தாலும் ஒரு பொதி கோதுமைக்கு மன்னித்துவிடுகிறேன் என்கிறார். அவள் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததும் மெதுவாக ஆரம்பிக்கிறார். எங்கள் கோயிலில் ஒரு ஜன்னல் வேலை நடக்கிறது அம்மா, செலவு இழுக்கிறது. நீங்கள் கண்ணாடி போட்டுக் கொடுத்து உங்கள் பெயரையும் அதில் பொறித்துவிட்டால் உங்கள் ஆன்மாவுக்கு மோட்சம் நிச்சயம். அவளும் ஜன்னல் என்ன, கூரையே போட்டுத் தருகிறேன், சுவருக்கு வெள்ளையடிக்கிறேன் என்கிறாள். இந்த இடத்தில் கவிஞர் கதையை நிறுத்திவிட்டு, ஜன்னலில் பெயர் எழுதாதீர்கள், வலது கை செய்வதை இடது கை அறியவேண்டாம் என்று கத்துகிறார்.

டியூப்லைட் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' எழுதும் ஊரில் வளர்ந்தவனுக்கு இதில் சிரிப்புதான் வந்திருக்கவேண்டும். எனக்கு வரவில்லை.

எங்கள் கல்லூரி அரசு உதவி பெறுவது. நடத்தியது ஒரு சமய அறக்கட்டளை. எந்தச் சாமி என்பது இங்கே முக்கியமில்லை. நேர்காணல் முடிந்த பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். லஞ்சம் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. புதுக் கட்டடம் எழும்புகிறது, பெரியவர்கள் ஆசீர்வாதமாக ஏதாவது செய்தால் நன்றாயிருக்கும் என்றார்கள். அப்பா ஊரில் கிணற்றை ஒட்டியிருந்த 40 சென்ட்டை விற்றார். பணத்துக்கு ரசீது கொடுத்தார்கள்: 'கட்டட நிதி நன்கொடை.' கட்டடம் முடிந்ததும் தாழ்வாரத்தில் ஒரு கிரானைட் பலகை வைத்தார்கள். மூன்றாவது வரிசையில் அப்பா பெயர், இனிஷியல் மட்டும் தப்பு. உறவுக்காரர்கள் வந்தால் அப்பா அவர்களைக் கூட்டிப்போய் அதைக் காட்டுவார். தப்பான இனிஷியலைச் சொல்லித் திருத்தலாமே என்றபோது, "இருக்கட்டும்டா, வேலை கெடச்சுதுல்ல" என்றார்.

எம்.ஏ. வகுப்புக்கு இத்தாலியக் கவிஞர் தாந்தே வந்தது சில வருஷம் கழித்து. அவருடைய 'டிவைன் காமெடி'யின் 'நரகம்' பகுதியிலிருந்து சில பாடல்கள் மட்டும். 19ஆம் பாடல் அதில் உண்டு. திருச்சபைப் பதவியை விற்ற போப்பாண்டவர்களைப் பாறைக் குழிகளில் தலைகீழாக நட்டு வைத்திருக்கிறார். குழிகள் ஃபுளோரன்ஸ் நகரத்து ஞானஸ்நானத் தொட்டியில் இருந்த துளைகளின் அளவு. வெளியே கால் மட்டும் தெரியும், பாதத்தில் தீ. எண்ணெய் தடவிய பொருளில் தீ மேலாக ஓடுமே, அப்படி. ஒரு குழியின்மேல் குனிந்து தாந்தே பேச்சுக் கொடுக்கிறார். உள்ளே 1280இல் இறந்த மூன்றாம் நிக்கோலாஸ். "அதுக்குள்ள வந்துட்டியா, போனிஃபாஸ்?" என்கிறது குரல். கதை நடப்பது 1300இல். எட்டாம் போனிஃபாஸ் அப்போது ரோமில் சிம்மாசனத்தில் இருக்கிறார், இறந்தது 1303இல். உயிரோடிருக்கிற போப்புக்கு நரகத்தில் சீட் ரிசர்வ். மேலே பணத்தைப் பையில் போட்டேன், இங்கே என்னையே போட்டுக்கொண்டேன் என்கிறார் நிக்கோலாஸ். கொலைகாரனின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் சாமியார் மாதிரி நின்றேன் என்று தாந்தே எழுதுகிறார். சாமியார் பட்டம் இல்லாத ஒரு ஆள், போப்பிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கிறான். அவ்வளவு கோபத்திலும், நீ கையில் வைத்திருந்த சொர்க்கத்தின் சாவிகளுக்குள்ள மரியாதை தடுக்கிறது, இல்லாவிட்டால் இன்னும் கடுமையாகப் பேசுவேன் என்கிறார். அந்தச் சாவிகளைக் கொடுக்கும் முன் ஆண்டவர் முதல் போப்பான பேதுருவிடம் எவ்வளவு கேட்டார்? 'என் பின்னே வா' என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லையே?

அந்த வருஷம் வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி இருந்தார், முன் பெஞ்ச். அவர் மனம் புண்படுமோ என்று இந்தப் பாடலை வேகமாகக் கடந்துவிட நினைத்தேன். அவரோ, தாந்தேயின் 600ஆம் நினைவு ஆண்டான 1921இல் பதினைந்தாம் பெனடிக்ட் என்ற போப்பே அவரைப் புகழ்ந்து சுற்றுமடல் எழுதியிருக்கிறார், பயப்படாமல் நடத்துங்கள் என்றார். சரி என்று நிதானமாகவே நடத்தினேன்.

முடித்தபோது ஒரு பையன் எழுந்தான். "வாங்குனவங்கள நட்டு வச்சிருக்காரு. காசு குடுத்துப் பதவி வாங்குனவங்க எங்க சார்?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். சிஸ்டர் முந்திக்கொண்டார். "அந்தப் பாட்டோட மொத வரியிலயே சீமோன்தானே சார். சீமோன் விக்கல. குடுக்கத்தான் வந்தான்."

உண்மைதான். சைமனி என்று இந்தப் பாவத்துக்குப் பெயர் வந்ததே மாயவித்தைக்காரன் சீமோனிடமிருந்து. அப்போஸ்தலரிடம் காசை நீட்டி, கை வைத்துப் பரிசுத்த ஆவியைத் தரும் அந்த வரத்தை எனக்கும் கொடுங்கள் என்று கேட்டவன். 'உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது' என்று பேதுரு சொன்னது அவனிடம்தான். வாங்க மறுத்தவர் பெயரில் அல்ல, பிற்காலத்தில் வாங்கிக் குவித்தவர் பெயரிலும் அல்ல, கொடுக்க வந்தவன் பெயரில் அது நிற்கிறது. அத்தனை வருஷமும் நான் துறவியின் பையைத்தான் பார்த்தேன். பையில் போட்ட கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

தாந்தே மேலேயே ஒரு ஊழல் வழக்கு உண்டு. 1302 ஜனவரியில், நகர நிர்வாகப் பதவியில் இருந்தபோது பணம் பண்ணினார் என்று ஃபுளோரன்ஸ் அவருக்கு 5,000 ஃபுளோரின் அபராதம் போட்டது, மார்ச்சில் பிடிபட்டால் எரித்துக் கொல்லவேண்டும் என்றது. போனிஃபாஸின் தயவில் ஆட்சியைப் பிடித்த எதிர்க்கட்சி சுமத்திய பழி அது என்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். அவர் ஊர் திரும்பவேயில்லை. அரசுப் பதவியில் காசு பார்த்தவர்களுக்கு நரகத்தில் அவர் வைத்திருக்கும் இடம் கொதிக்கும் தார்க் குழி. தலையை வெளியே நீட்டினால் பேய்கள் கொக்கியால் அமுக்கும். அது 21ஆம் பாடல்.

எனக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். அப்படிப் பார்த்தால் என் வேலை திருச்சபைப் பதவிக் கணக்கில் வராது, எனக்கான இடம் 19இல் இல்லை, 21இல்தான். அந்தப் பாடல் சிலபஸில் இல்லை. நானும் சேர்த்து நடத்தவில்லை.