எலிவேட்டர் ஷீட் உள்ள பூக்காம இருக்க பண்ணுனது

நான் கட்டிட்டு இருக்கற விமானத்தோட எலிவேட்டருக்கு, அதாவது மூக்க மேல கீழ திருப்பற வால் பகுதிக்கு, ஸ்கின் (மேல் தகடு), ரிப் (குறுக்குச் சட்டம்), ஸ்பார் (நீளவாட்டு முதுகெலும்பு) எல்லாத்துக்கும் உள்பக்க பிரைமர் வேலை முடிஞ்சுதுங்க. ரிவெட் அடிச்சு மூடிட்டா அப்புறம் உள்ள கை போகாது, அலுமினியம் அரிச்சு வெள்ளையா பூத்தாலும் வெளிய தெரியாது, அதனால இந்த வேலைல மட்டும் அவசரமே படலை.

ஸ்கின் 2024-டி3 ஆல்கிளாட்ங்கற அலுமினிய அலாய் ஷீட். இந்த அலாய்ல சுமாரா 4 சதவீதம் காப்பர் இருக்கு, ஸ்ட்ரென்த் வர்றதும் அதனாலதான், ஈரம் பட்டா அரிக்கறதும் அதனாலதான். அதுக்காக மில்லுலயே ரெண்டு பக்கமும் சுத்தமான அலுமினியத்த மெல்லிசா சேர்த்து உருட்டிடறாங்க. ஒரு பக்கத்துக்கு 5 சதவீதம்னு கணக்கு போட்டா 0.8 மில்லி ஷீட்ல வெறும் 0.04 மில்லிதான் வருது. சின்ன கீறல் விழுந்தாலும் அந்த லேயர் தான் முதல்ல அரிச்சுகிட்டு உள்ள இருக்கறத காப்பாத்தும், அப்படி இருக்கறப்ப எமரி ஷீட் போட்டு தேய்ச்சு பளபளப்ப எடுக்கறது சரியான வேலை இல்லைங்க. மெரூன் ஸ்காட்ச்-பிரைட்ட தண்ணியோட லேசா ஓட்டி, பளபளப்பு மங்குனதும் நிறுத்திடோணும். ஸ்டீல் வூல் பக்கமே போகக்கூடாது, இரும்புத்தூள் அலுமினியத்துல புதைஞ்சு நின்னு அங்கிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். மார்க்கிங்குக்கு பென்சிலும் வேண்டாம், கிராஃபைட்டும் அதே வேலைய பண்ணும், மார்க்கர் பேனா போதும்.

கழுவறதுதான் நம்மூர்ல பெரிய விசயம். கோயமுத்தூர்ல சிறுவாணி தண்ணி வர்ற வீடுன்னா பரவால்ல, எங்க ஷெட்டுல போர் தண்ணி, வாளி ஓரமெல்லாம் உப்பு படியுது. அந்த உப்பு மேல பிரைமர் அடிச்சா பெயின்ட்டுக்கு அடியிலயே ஈரத்த இழுத்து கொப்பளம் வரும். அதனால கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரி கடைல டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கி ஊத்துனேன். தண்ணி ஷீட் முழுக்க ஒரே படலமா நின்னாத்தான் எண்ணெய்ப்பசை போச்சுன்னு அர்த்தம், எங்காவது விலகி முத்து முத்தா பிரிஞ்சா மறுபடி கழுவோணும். இந்த ஒரு டெஸ்ட்டுக்கு செலவே இல்லைங்க, தயவு பண்ணி யாரும் விட்டுறாதீங்க. காஞ்சதுக்கு அப்புறம் வெறுங்கையில தொடவே இல்லை, கிளவுஸ்தான்.

ஜிங்க் குரோமேட் நல்லாவே காப்பாத்தும், ஆனா அந்த குரோமியம் கேன்சர் வர வைக்கும், வீட்டுப்பக்கம் குழந்தைங்க ஓடற இடத்துல எனக்கு மனசு வரலை. ரெண்டு டப்பா கலக்கற எபாக்ஸி பிரைமர் எடுத்தேன். ஆடிக்காத்துல புழுதி பறக்கறதால கதவச் சாத்தி, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவிட்டு மெல்லிசா ஒரே கோட். கெட்டியா அடிக்கலை, ஹிஞ்சுக்கு பின்னாடி எடை ஏறுனா, அத சமன் பண்ண ஹிஞ்சுக்கு முன்னாடி இருக்கற கவுன்டர்வெயிட்டையும் ஏத்தோணும். ரிப்பும் ஸ்கின்னும் ஒட்டற இடம், வெட்டுன ஓரம், ஓட்டை இதுக்குத்தான் கூடுதல் கவனம், ஈரம் தங்கறது அங்கதான்.

அடுத்தது கவுன்டர்வெயிட். அது ஈயம், ஸ்க்ரூ ஸ்டீல், ரெண்டும் அலுமினியத்த நேரடியா தொடக்கூடாது, அதனால நடுவுல பிரைமர் காயறதுக்கு முன்னாடியே வெச்சு முடுக்கப்போறேன். உள்ள சேர்ற தண்ணி வடியற டிரெய்ன் ஓட்டை அடைபடாம இருக்கான்னு டார்ச் அடிச்சு பார்த்துட்டுத்தான் ரிவெட் கன்னை எடுக்கோணும்.