தங்கத் தேர் ஆண்டுக் குறிப்புகள்

ஜூலை 9, 2023. ஞாயிறு

தூத்துக்குடி பனிமய மாதா கோயில் திருவிழா மலருக்குக் கோயில் வரலாறு நான்தான் எழுத வேண்டுமாம். பூசை முடிந்து வெளியே வரும்போது மலர்க் குழுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பக்கம் போதும் சார். 1555, 1582, 1713, 1806, 1982. இந்த அஞ்சும் வந்துட்டா யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. 1555இல் மணிலாவிலிருந்து சந்த எலேனா கப்பலில் மாதா சுரூபம் வந்தது. 1582இல் சேசு சபைச் சாமிமார் இரக்கத்தின் மாதா கோயிலைக் கட்டினார்கள். 1713இல் இப்போதைய பெரிய கோயில், 1806இல் தங்கத் தேர், 1982இல் ரோம் கொடுத்த பசிலிக்காப் பட்டம். ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். அப்புறம் எதற்கு நான்?

ஜூலை 10

ராத்திரி முழுக்க அம்மா உட்கார்ந்தே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

ஜூலை 13

1658 முதல் 1713 வரை. கணக்குப் போட்டால் 55 ஆண்டு. மலர்களில் இந்த 55 ஆண்டையும் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்: "டச்சுக்காரர் காலத்தில் திருச்சபை துன்புற்றது." அவ்வளவுதான்.

1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடிக்கிறார்கள். சாமிமாரை விரட்டுகிறார்கள். கோயில் கையை விட்டுப் போகிறது. பால்தேயுஸ் என்ற டச்சுப் பாதிரியார் வந்து சனங்களைத் தங்கள் புராட்டஸ்டன்ட் சபைக்கு இழுத்துப் பார்க்கிறார். நடக்கவில்லை. சேசு சபைக்காரர்கள் டச்சுக்காரர் கை எட்டாத உள்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறார்கள். இங்கிருந்து சனங்கள் அங்கே நடந்து போய்ப் பூசை கண்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வாங்கித் திரும்புகிறார்கள். ஒரு தலைமுறை பிறந்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளை எடுக்கிற காலம் அது. பெரிய கோயில் என்று ஒன்று ஊருக்குள் இல்லாமலே பங்கு பெருகியிருக்கிறது.

டச்சுக்காரர் ஏன் ரொம்ப நெருக்கவில்லை? முத்துதான் காரணம். முத்துக் குளிக்கிற சனம் கோபித்துக்கொண்டு ஊரைக் காலி செய்துவிட்டால் கடலுக்குள் யார் இறங்குவது? வெள்ளைக்காரன் கணக்கு அவனுக்கு. இதை எழுதினால் பக்தி குறைந்துவிடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1713இல் கோயில் எழும்பியபோதும் ஊர் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. இடையிடையே கை மாறினாலும், கடைசியாக 1825இல்தான் அவர்கள் போனார்கள். ஆக, விரட்டியவன் ஊரை ஆண்டுகொண்டிருக்கும்போதே அவன் கண் முன்னால் கட்டிய கோயில் இது. மலரில் இந்த வரிக்கு இடம் இல்லையா?

ஜூலை 14

நெபுலைசர் மாஸ்க் வேண்டாம் என்று பிடுங்கிப் போடுகிறாள். "தம்பி எப்ப வாரான்?" என்று நாலு தரம் கேட்டுவிட்டாள்.

ஏஜென்டிடமிருந்து பதில் இல்லை. தம்பி வேலை பார்க்கும் கப்பல் இன்னும் அமீரகத்து ஃபுஜைராவில் நங்கூரத்தில் நிற்கிறது.

ஜூலை 16, ஞாயிறு

இன்று அம்மாவுக்குக் கொஞ்சம் தெம்பு. சொதி கேட்டாள். இரண்டு கரண்டி சாப்பிட்டாள். அப்புறம் பேச்சு சின்னக் கோயில் பக்கம் போனது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. இந்த ஊரில் ஆயர் (பிஷப்) பீடம் இருப்பது திரு இருதய ஆலயத்தில். அதற்குப் பெயர் சின்னக் கோயில். பெரிய கோயில் என்றால் தஸ்நேவிஸ் மாதா, அதாவது பனிமய மாதா கோயில் மட்டும்தான். நடந்தால் சீக்கிரம் போய்ச் சேர்கிற தூரத்தில் இரண்டு பெரிய ஆலயங்கள் எதற்கு? கூட்டம் பெருகியதால் என்று நினைப்பார்கள். சண்டை முற்றியதால் என்பதும் உண்மை.

போர்த்துக்கல் அரசருக்குக் கீழ்த்திசைக் கோயில்கள் மேல் இருந்த உரிமையை ரோமாபுரியே பின்னாளில் குறைக்கப் பார்த்தது. 1773இல் சேசு சபையைக் கலைத்த பிறகு போர்த்துக்கல் பக்கம் நின்ற கோவா சாமிமார் கையில் இருந்தது பெரிய கோயில். 19ஆம் நூற்றாண்டில் ரோம் அனுப்பிய சாமிமார் வந்தபோது அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வந்தவர்களுக்குத் தனிக் கோயில் தேவைப்பட்டது. ஒரே மாதா, ஒரே பூசை, ஆனால் கோவா கட்சி, ரோம் கட்சி. அந்தக் காலத்தில் கட்சி பார்த்துத்தான் சம்பந்தம் பேசுவார்கள் என்று அம்மாவின் ஆச்சி சொல்வாராம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அரை மணி நேரம் ஓயவில்லை.

1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆனது. திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை முதல் ஆயர். லத்தீன் வழிபாட்டு முறையில் ஒரு இந்தியர் ஆயரானது பெரிய செய்தி அப்போது. அவருடைய ஆசனம் போடப்பட்டது சின்னக் கோயிலில்தான். இந்த வருஷம் மறைமாவட்டத்துக்கு நூறு. அதை ஒட்டித்தான் இந்த முறை தங்கத் தேர் ஓடுகிறது.

ஜூலை 18

எட்டுப் பக்கம் வந்துவிட்டது. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 20

மலர்க் குழுக்காரர் போன் பண்ணினார். "கோவா சமாச்சாரம் வேண்டாம் சார். பழைய சண்டையை எதுக்குக் கிளறணும்? டச்சுக்காரங்களை நாலு வரியா ஆக்கிடுங்க. தங்கத் தேர் படத்துக்கு முழுப் பக்கம் வேணும். ஸ்பான்சர் விளம்பரம் வேற நிக்குது."

சரி.

ஜூலை 21

சரி என்று எழுதினேனே தவிர மனசு சரியில்லை. கட்டடத்துக்கு வரலாறு எழுதுவது சுலபம். அடிக்கல் இருக்கும், அர்ச்சிப்புத் தேதி இருக்கும், கல்வெட்டில் சாமியார் பெயர் இருக்கும். 1707இல் இடி விழுந்தது, மாதா காலடியில் அது அடங்கியது, விஜிலியுஸ் மான்சி சாமியார் 1712 ஏப்ரல் 4இல் அடிக்கல் வைத்தார், அடுத்த வருஷம் ஆகஸ்ட் 5இல் அர்ச்சித்தார். இதெல்லாம் எழுத ஒரு மணி நேரம் போதும். அந்த 55 ஆண்டுக்கு மட்டும் ஒரு கல்வெட்டும் இல்லை. நடந்து போனவர்கள் பெயரை யார் செதுக்கப் போகிறார்கள்.

ஜூலை 24

டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார். அம்மா மாட்டேன் என்கிறாள். கொடியேற்றம் முடியட்டுமாம். வீட்டுக்கே ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்தாயிற்று. மச்சான்தான் ரெகுலேட்டர் மாட்டக் கற்றுக்கொண்டான். எனக்குக் கை நடுங்குகிறது.

ஜூலை 26, புதன்

கொடியேற்றம். நான் போகவில்லை. போனில் நேரலையைப் போட்டு அம்மா பக்கத்தில் வைத்தேன். கொடி ஏறும்போது மாஸ்க்கைக் கழற்றிவிட்டு "மரியே வாழ்க" என்றாள். சத்தம் வரவில்லை, வாய்தான் அசைந்தது. வெடிச் சத்தம் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. ஜன்னலில் முதலில், போனில் அப்புறம்.

ஜூலை 28

கப்பல் கிளம்பிவிட்டதாம். எங்கே என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தம்பிக்கு மாற்று ஆள் ஏறினால்தான் அவன் இறங்க முடியும்.

ஜூலை 29

217 வருஷத்தில் இது 16ஆவது முறை. தங்கத் தேர் நினைத்தபோதெல்லாம் ஓடாது. கடைசியாக ஓடியது 2013இல், கோயிலுக்கு 300 ஆனபோது. 1806இல் பரதவர் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தக்ரூஸ் வாஸ் கோமஸ் தேர் செய்து வைத்தார். அவர் பெயரை ஊர் மறக்கவில்லை. தங்கம் கொடுத்தவர் பெயர் நிற்கும்தானே. திரும்பவும் அந்த 55 ஆண்டுக்கே வந்துவிட்டேன். இதை விட வேண்டும்.

ஜூலை 30, ஞாயிறு

பங்குச் சாமி வீட்டுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொண்டுவந்தார். துணுக்காகக் கொடுத்தும் விழுங்கச் சிரமப்பட்டாள். நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடுகிற நோயில்பூசுதல் கொடுக்கட்டுமா என்று என்னைத் தனியே கேட்டார். கொடுங்கள் என்றேன். பூசும்போது அம்மா கண்ணைத் திறந்து, "பசிலிக்கா ஆனது இன்னிக்குத்தான்" என்றாள். 1982 ஜூலை 30. சாமியாருக்கே நினைவில்லை.

ஆகஸ்ட் 1

மலர் வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம். டச்சுக்காரர்கள் இரண்டு வரி. என் பெயரில் எழுத்துப்பிழை. அட்டை நன்றாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2

விட்டுப்போன ஆறரைப் பக்கத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடந்து போன பகுதியில் நிறுத்தச் சொல்லி, "பிள்ளையத் தூக்கிக்கிட்டா போனாக?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "வெயில்லயா?"

ஆகஸ்ட் 3

தம்பி கொழும்பில் இறங்கிவிட்டான். நாளை சென்னை, அங்கிருந்து கிடைத்த பஸ்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஊர் முழுக்கக் கூட்டம். மணப்பாடு, உவரி, வேம்பார் என்று எல்லா ஊர்ச் சொந்தமும் வந்திறங்கியிருக்கிறது. மாடியில் பாய் விரிக்க இடம் இல்லை. யாரோ மக்ரூன் பொட்டலத்தை ஆக்சிஜன் சிலிண்டர் மேல் வைத்திருக்கிறார்கள். கோபம் வந்தது. அம்மாவுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5

தேருக்காக ரோடுகளை அடைத்துவிட்டார்கள். சிலிண்டர் வண்டி இந்தப் பக்கம் வராதாம். முள் சிவப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. மச்சான் புது சிலிண்டரை பைக்கில் கட்டிக்கொண்டு சந்து வழியாக வருகிறான். தம்பி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணினான், ஆட்டோ எதுவும் இல்லையாம், நடந்தே வருகிறேன் என்றான். நான் கீழே போய்க் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.