மருந்துக்கு முன்னாடி கல்ச்சர் எடுங்க

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. ஒரு வாரம் தாண்டியும் ஜுரம் விடாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் கையில் பெரும்பாலும் டைபாய்டுக்குப் பார்க்கிற வைடால் டெஸ்ட் பாசிட்டிவ் என்று ஒரு ரிப்போர்ட்டும், பாதி காலியான ஆன்டிபயாடிக் சிரப்பும் இருக்கும். பார்த்தால் மனசு கேட்காது.

வைடால் கிருமியைத் தேடுகிற டெஸ்ட் இல்லை. 1896-ல் வந்தது, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத்தான் பார்க்கும். குழாயில் சாக்கடை கலந்து வருகிற நம்ம தெருக்களில் எப்போதோ வந்துபோன டைபாய்டுகூட இன்றைக்குப் பாசிட்டிவ் காட்டலாம், நிஜமான டைபாய்டுக்கு முதல் வாரத்தில் நெகட்டிவும் வரலாம்.

ரத்தத்தைப் பாட்டிலில் விட்டு வளர்த்துப் பார்த்து, கிருமியையே பிடித்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் சொல்வது பிளட் கல்ச்சர்தான். பாட்டிலின் ரப்பர் மூடியைத் துடைத்து, பிள்ளையின் தோலையும் துடைத்து நன்றாகக் காயவிட்டு அப்புறம்தான் ஊசி போடுவேன், இல்லாவிட்டால் தோலில் இருக்கிற கிருமி உள்ளே போய் ரிப்போர்ட்டையே குழப்பிவிடும். "இத்தனூண்டு பிள்ளைக்கு இவ்ளோ ரத்தமா அக்கா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம்மா, குறைவாக எடுத்தால் சிக்காது. ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் சிக்குவது இன்னும் கஷ்டம்.

யூரினும் அப்படித்தான். சளி இல்லை, இருமல் இல்லை, வெறும் ஜுரம் மட்டும் என்றால், அதுவும் இரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை என்றால், யூரின் கல்ச்சர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒட்டுகிற பையில் பிடித்த யூரினில் தோல் கிருமி கலந்துவிடும், அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

ஒரு சின்னப் பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் ஜுரத்தின் கிருமி இந்த பாட்டிலில் வளராது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள், சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டைபாய்டுக்குப் போடுகிற ஊசிக்கு அது கேட்காது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தை, மந்தமாகக் கிடக்கிற பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை என்றால் லேபுக்கு வராதீர்கள். நேரே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ போங்கள், அங்கே கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு ஊசியையும் ஆரம்பித்துவிடுவார்கள்.