மோகனத்தில் ஒரு காற்றுமணி: மெல்லிய பித்தளைக் குழாயை எதால் அறுப்பது?

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீடு ஏழாவது மாடி. சாயங்காலமானால் கடல் காற்று வராந்தாவை அள்ளிக்கொண்டு போகும். அங்கே மாட்டுவதற்காக ஐந்து குழாய்களில் ஒரு காற்றுமணி செய்துகொண்டிருக்கிறேன். ச ரி க ப த. அம்மாவுக்கு மோகன ராகம் என்றால் உயிர்.

வாங்கியது 16 மி.மீ. பித்தளைக் குழாய், சுவர் கனம் 0.8 மி.மீ., நீளம் 2 மீட்டர். குழாயின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறும். நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் ஏறும். அதன்படி ச 400 மி.மீ. என்றால் ரி 377, க 358, ப 327, த 310. கூட்டினால் 1772. மிச்சமாகும் 228-இல் பாதியை மட்டும் அறுத்துப் பழக ஒதுக்கினேன். 310 மி.மீ. குழாயில் 1 மி.மீ. பிசகினாலே சுருதி 11 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகிவிடும். பாட்டுப் பழகிய காது அதைப் பிடித்துவிடும்.

முதல் சனிக்கிழமை, வீட்டில் இருந்த ஹேக்சாவை எடுத்தேன். அங்குலத்துக்கு 18 பல். மேல்வளைவில் இழுத்தபோது நன்றாகத்தான் போனது. சுவரைத் துளைத்து உள்ளே இறங்கியதும் 'டக்' என்று சிக்கியது. கிட்ட வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. துளைத்த பிறகு பிளேடுக்கு அடியில் இருப்பது இரண்டு மெல்லிய விளிம்புகள்தான். அந்த பிளேடில் பல்லுக்குப் பல் 1.4 மி.மீ.; சுவரோ 0.8. விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்துவிடுகிறது. இழுத்தால் கிழிகிறது.

அடுத்து பைப் கட்டர்: குழாயில் மாட்டி, திருகால் இறுக்கிச் சுற்றினால் ஒரு சிறு சக்கரம் வெட்டும் கருவி. சத்தமே இல்லை, வெட்டும் அத்தனை நேர். அடுக்குமாடிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சக்கரம் உலோகத்தை அறுப்பதில்லை, அழுத்திப் பிளக்கிறது. ஓரம் உள்பக்கமாக உதடு மாதிரி மடிந்துவிட்டது. திருகை ஒரேயடியாக இறுக்கியபோது குழாயின் வட்டமும் நசுங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் துளித்துளியாக இறுக்கினால் நசுங்கவில்லை, உதடு மட்டும் போகவில்லை. நுனியில் கூடுதல் கனம் இருந்தால் சுருதி இறங்கும், எனவே அதைச் சுரண்டியே ஆகவேண்டும்.

கையில் பிடிக்கும் சுழல் மெஷினில் கட்டிங் டிஸ்க் போட்டது ஒரே ஒரு தடவை. நன்றாகவே அறுத்தது. கை லேசாகச் சாய்ந்ததும் டிஸ்க் உடைந்து, நான் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போடாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை வேறு. அதோடு நிறுத்திவிட்டேன்.

வழி காட்டியவர் பட்டர்வொர்த்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். கிழிந்த துண்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "உள்ள வெறுமையா விட்டுட்டு பிளேடைக் குறை சொல்றியே தம்பி. ஒரு கட்டையை அடைச்சிட்டு அறுத்துப் பாரு" என்றார்.

15 மி.மீ. உருண்டைக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்து, இறுக்கமாக உள்ளே போகும் அளவுக்குக் குறைத்தேன். எட்டு சென்டிமீட்டர் துண்டு போதும், வெட்டும் இடத்துக்கு நேர் அடியில் நிற்கவேண்டும். பிளேடையும் 32 பல்லுக்கு மாற்றினேன். குழாயைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை விளிம்போடு விளிம்பு சேர ஒட்டினால் அதுவே நேர்கோடு. கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே, அழுத்தாமல், சுவர் துளையும் வரை மட்டும் அறுத்து, குழாயைக் கொஞ்சம் திருப்பி மறுபடி அறுத்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை! பல்லுக்குக் கடிக்க மரம் கிடைத்துவிட்டது. பித்தளைத் தூளோடு மரத்தூளும் கலந்து வந்தது. பிறகு கண்ணாடித் தட்டில் உப்புத்தாளை விரித்து, போனில் சுருதி பார்த்துப் பார்த்து ஓரத்தைத் தேய்த்து இறக்கினேன். நீளக் குழாய்க்குள் நின்றுபோன பாதிக் கட்டையை மறுமுனையிலிருந்து ஒரு கம்பியால் தள்ளி எடுக்கவேண்டும்.

ஒரு யோசனை: நீளமானதிலிருந்து ஆரம்பியுங்கள். காந்தாரத்தை, அதாவது க-வை, தேய்க்கும்போது 2 மி.மீ. கூடுதலாகப் போய்விட்டது. ஏறிய சுருதியை இறக்க வழியில்லை. அந்தக் குழாயையே 327-க்கு வெட்டிப் பஞ்சமமாக்கினேன், மிச்சக் குழாயில் புதுக் காந்தாரம் எடுத்தேன். எதுவும் வீணாகவில்லை.

கயிற்றுத் துளை நீளத்தில் 22.4 சதவீதத்தில் வரவேண்டும், அங்கேதான் குழாய் அதிராது. ச-வுக்கு நுனியிலிருந்து 89.6 மி.மீ. துளையிடும் முன் ஆணியால் புள்ளி வைக்கும்போதும் அதே கட்டை உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் குழி விழும்.

ச, ரி, க மூன்றும் இப்போது வராந்தாவில் தொங்குகின்றன. ப-வுக்குத் துளை பாக்கி, த-வை அடுத்த சனிக்கிழமை அறுக்கிறேன்.