ஸ்லைடு போதாது, பிளாக்கையும் கேளுங்கள்

அம்மாவின் பயாப்ஸி பிளாக் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பரிசோதனைக்கு வெட்டி எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் மெழுகுக் கட்டி. அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவுக்கு ஷோக்ரன் நோய், உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய். கண்ணும் வாயும் வறளும், அவ்வளவுதானே என்பார்கள். ஒருநாள் விடிகாலை கால் இரண்டும் துவண்டு எழ முடியாமல் கிடந்தார். பக்கவாதம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினால், ரத்தத்தில் பொட்டாசியம் வெறும் 2.1, ரொம்பக் குறைவு! இந்த நோயில் சிலருக்குச் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றத் திணறும், பொட்டாசியத்தையும் கோட்டைவிடும். சிறுநீரகத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் நார்மலாக இருக்கும்போதே இது வரலாம். மருந்தில் சரியானது.

பிறகு காதுக்குக் கீழே வீக்கம், வற்றவே இல்லை. ரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்பு சக்திப் புரதம் குறைவு. ஷோக்ரன் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரலாம், இவை இரண்டும் அதற்கான எச்சரிக்கை என்றார் வாதநோய் டாக்டர். மெல்லிய ஊசியால் வீக்கத்திலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனை 'பயமில்லை' என்றது. அவர் நம்பவில்லை. பயாப்ஸியே செய்யச் சொன்னார், நல்லவேளை. ரிப்போர்ட்டில் 'லிம்போமா சந்தேகம், ஐ.எச்.சி. தேவை.' ஐ.எச்.சி. என்றால் செல்கள் எந்த வகை என்று சாயமேற்றிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை.

லேபில் ஸ்லைடை, அதாவது பிளாக்கிலிருந்து சீவிய மெல்லிய துண்டு ஒட்டிய கண்ணாடியை, மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்காகச் சென்னை வரை போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தால், "பிளாக் எங்கே?" ஐ.எச்.சி.க்கு அதிலிருந்துதான் புதிதாகச் சீவி எடுக்க வேண்டுமாம். அன்றைய பயணம் தண்டம். திரும்பி வந்து லேபில் கேட்டால், கவுன்டரில் இருந்தவர் நோயாளியே நேரில் வர வேண்டும் என்றார். அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனால் ஒரிஜினல் பில் வேண்டும் என்றார். அதையும் நீட்டியதும், "பிளாக்கெல்லாம் வெளியே தர்றதில்லை சார்." கவுன்டரோடு மல்லுக்கட்டாமல் உள்ளே போய் பெத்தாலஜி டாக்டரைப் பார்த்தேன். சென்னை டாக்டரின் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எடுத்துத் தரச் சொன்னார். ஆக, கடிதத்தைக் கையோடு வாங்கிப் போங்கள். பிளாக்கில் உள்ள எண் ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகும்.

இன்னொன்று: ஸ்கேன் எடுக்கும் இடத்தில் சிறுநீரகப் பிரச்சினையை நீங்களாகவே சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் போடலாமா என்று அவர்கள் முடிவெடுக்க அது தெரிய வேண்டும். எங்களை யாரும் கேட்கவில்லை.

முடிவு, மால்ட் லிம்போமா. மெதுவாக வளரும் வகை, சிகிச்சைக்கு அவசரமில்லை என்றார்கள். மூச்சு வந்தது. நேற்று அதே கவுன்டரிலிருந்து போன்: "சார், பிளாக்கை எப்போ திருப்பித் தருவீங்க?"