ரொம்பச் சுத்தமான கோட்

ஏஐ இருக்கும்போது ஜூனியர் எதற்கு என்று சீனியர்கள் கேட்கிறார்கள். சீனியருக்கு எதற்கு அவ்வளவு சம்பளம் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். 14 வருடமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் நான் எந்தப் பக்கம் என்று எனக்கே குழப்பம். போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டீமுக்கு வந்து 8 மாதம் ஆன பையன் ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினான்; ‘என் கோடைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற கோரிக்கை. பேமென்ட் சர்வரிடமிருந்து பதில் வராமல் டைம்அவுட் ஆனால், மூன்று முறை வரை மறுபடி அனுப்பும் கோட். ஏஐ எழுதியது. கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அப்ரூவ் பட்டன் வரை போய்விட்டேன்.

அப்போதுதான், பழைய வேலையில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து இரட்டை ஆர்டர்களைக் கையால் அழித்தது ஞாபகம் வந்தது. டைம்அவுட் என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. அந்தப் பக்கம் பணத்தை எடுத்துவிட்டு, ‘சரி’ என்று சொல்ல வருவதற்குள் லைன் போயிருக்கலாம். மறுபடி அனுப்பினால் மறுபடி பணம் போகும். ஆர்டருக்கு ஒரு எண் கொடுத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே எண்ணையே சேர்த்து அனுப்பினால், சர்வர் ‘இது ஏற்கெனவே வந்தாச்சு’ என்று விட்டுவிடும். ஐடெம்பொட்டென்சி கீ என்பார்கள். அது கோடில் இல்லை. டெஸ்டையும் அதே ஏஐதான் எழுதியிருந்தது; பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்தின கதை.

முன்பெல்லாம் ஜூனியரின் கோடைப் பார்த்தாலே எங்கே தடுமாறினான் என்று தெரியும். ‘டெம்ப்2’ என்று ஒரு பெயர், ஓடாதபடி கமென்ட் போட்டு ஒதுக்கிய நாலு வரி, புரோகிராமைக் காரணமே இல்லாமல் காத்திருக்க வைக்கும் ஒரு ஸ்லீப். அங்கே போய் நின்றால் போதும். இப்போது தெரிந்து எழுதியதும் தெரியாமல் எழுதியதும் ஒரே மாதிரி இஸ்திரி போட்டுக்கொண்டு வருகின்றன.

இதை வைத்து சீனியர்கள் துள்ளவும் வேண்டாம். மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025-ல், 16 அனுபவசாலிகளிடம் அவர்கள் நன்கு பழகிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டுகளிலேயே 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ வைத்துச் செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ, முடித்த பிறகும், 20 சதவீதம் மிச்சம் பிடித்ததாகவே நம்பினார்கள். அப்ரூவ் பட்டனில் விரல் வைத்திருந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பையனைக் கூப்பிட்டு, “டைம்அவுட் ஆகும்போது பணம் எங்கே இருக்கு, சொல்லு” என்றேன்.

“தெரியல அண்ணா.”

போர்டில் இரண்டு பெட்டி, போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு வரைந்தேன். முதலில் போகிற அம்பை வெட்டச் சொன்னேன். அப்புறம் வருகிற அம்பை. இரண்டாவதை வெட்டியதும் அவனே “ஐயோ” என்றான்.

நேற்று அவன் அனுப்பியதில் ஒரு வரிக்கு மேல் கமென்ட்: ‘இங்கே ஏன் 30 நொடி என்று புரியவில்லை. ஏஐ போட்டது, அப்படியே விட்டிருக்கிறேன்.’ மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, நேராக அந்த வரிக்குப் போனேன்.