காது குத்துக்குக் கொலை வாள்

இனிமேல் யாராவது வந்து "நீதான் படிக்கிறவனாச்சே, நல்லதாப் பார்த்து நாலு புத்தகம் எடுத்துக் குடு" என்று கேட்டால் பவானி ஆற்றில் குதித்துவிடுவதாக இருக்கிறேன். கூடுதுறையில் வேண்டாம், படிக்கட்டு இருக்கிறது, ஆழமான பக்கமாகப் பார்த்துத்தான்.

எல்லாம் மாப்பிள்ளையால் வந்தது. ஈரோடு புத்தகத் திருவிழா 2005-ல் ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் மனிதர் அந்தப் பக்கம் போனது டெல்லி அப்பளம் தின்னத்தான். இந்த ஆகஸ்டில் அப்பளக் கடையில் கூட்டமாம், போய்ச் சொற்பொழிவில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்ததும் அறிவிப்பு: "பாப்பா காது குத்துக்கு ஒறம்பரைக்குத் தேங்காய்ப் பை வேண்டாமுங்க மச்சான். ஆளுக்கொரு புத்தகம்." ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் சொந்தபந்தம்.

ஒரே புத்தகத்தை 120 வாங்கிப் போட்டிருந்தால் தீர்ந்தது. எனக்குத்தான் நாக்கில் சனி. "ஆளுக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மூன்று நாள் அலைந்தேன். பால்வாடிக் குழந்தைக்குப் பக்கத்துக்கு ஒரு யானை, நாலு சொல். மூன்றாவது படிக்கிற வாலுகளுக்கு விடுகதை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சித்தப்பாவுக்கு, 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோயம்புத்தூரில் மின்மோட்டார் செய்த கதை. தென்னந்தோப்பில் வெள்ளை ஈயோடு மல்லுக்கட்டும் மாமாவுக்கு பூச்சி மேலாண்மை. குரூப் 4 எழுதுகிற பிள்ளைக்கு வேறென்ன, வினா விடைதான். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பெரியப்பாவுக்காக ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து எழுத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்து பார்த்தேன், கடைக்காரப் பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். 10 சதவீதக் கழிவு போக மீதிக் காசைக் கொடுக்கும்போதும் அதே பார்வை.

பை ஒவ்வொன்றிலும் பென்சிலில் பேர் எழுதி அடுக்கினேன். மண்டபத்தில் பைகளைக் கொடுக்க நின்றதோ சித்தி பசங்க. வரிசையாக வந்தவர்களுக்கு வரிசையாக நீட்டிவிட்டார்கள். பேராவது, பென்சிலாவது!

அப்புறம்தான் பஞ்சாயத்து. நான் வயசைப் பார்த்தேன், ரசனையைப் பார்த்தேன், ஒறம்பரை பார்த்தது கனத்தை. "பங்காளி வீட்டுக்கு நானூறு பக்கம், மாமன் மச்சான் வீட்டுக்கு யானைப் படமா?" என்று பந்தியிலேயே ஒருவர் எழுந்துவிட்டார். பெரியம்மா பையைக் கையில் தூக்கிப் பார்த்து, "குண்டா இருக்கறதைக் குடு கண்ணு" என்றார். கறிக்கடையில்கூட இவ்வளவு நிறுத்துப் பார்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் பொன்னியின் செல்வன். ஐந்து பாகத்தையும் ஒரே வீட்டுக்குத்தான் வைத்திருந்தேன். பெட்டியோடு மஞ்சப்பைக்குள் நுழையவில்லை என்று பசங்க பிரித்து ஐந்து வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் பாகத்துக்குப் பேர் 'கொலை வாள்'. சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான். "விசேஷத்துக்கு வந்த எடத்துல இதையா குடுப்பாங்க?" என்று இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாகம் காங்கேயத்தில். நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அங்கிருந்து போன். "ஏனுங் மாப்ள, ஒரு புள்ள தனியாப் படகுல உக்காந்து பாடிட்டிருக்குதே, அது யாரு வூட்டுப் புள்ள?" முதல் பாகம் தாராபுரத்தில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றேன். அந்த வீட்டோடு அவர்களுக்கு ஆறு வருஷமாகப் பேச்சில்லையாம்.

சரி, பேச்சில்லாத இன்னொரு வீட்டுக் கதை. வாத்தியார் மாமாவுக்கு என்று ஆசையாக எடுத்த 'நாகம்மாள்', ஆர்.சண்முகசுந்தரம் எழுதியது, வெள்ளக்கோவில் அத்தை பைக்குள் போயிருக்கிறது. அத்தைக்கும் சின்னச் சித்தப்பாவுக்கும் நிலத்தில் பங்குத் தகராறு, போன மாசம்தான் வக்கீல் வரை போனது. அந்த நாவலும் பங்கு கேட்கிற கதைதான். இன்று காலை அத்தை போனில் நேராக, "எங்கூட்டுக் கதையை ஆருடா எழுதிக் குடுத்தது, உங்க சித்தப்பனா?" என்றது.

"அது 1942-ல் வந்த புத்தகமுங்க அத்தை."

சித்த நேரம் சத்தமே இல்லை. தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பவுமே இப்படித்தானா?"

"ம்."

"கடைசியில் அப்படி ஆயிருச்சே சாமி... ராத்திரி தூக்கமே இல்லை. இன்னொண்ணு இருந்தா உங்க சித்தப்பனுக்கு ஒண்ணு குடுத்துரு. நான் சொன்னேன்னு சொல்லிராதே. கடைசி நாலு பக்கத்தையாச்சும் படிக்கட்டும்."

மறுபடியும் ஈரோட்டுக்குப் போகணும். மாப்பிள்ளை தனக்கு அப்பளம் வாங்கி வரச் சொல்கிறார்.